ஐந்து ஆண்டுகளாக என் தளத்தில் ஓடும் 2048

சிறுவர் கதைகளுக்காக நான் நடத்தும் தளத்தில் ஒவ்வொரு கதைக்கும் கீழே ஓர் எண் புதிர் இருக்கிறது. நாலுக்கு நாலு கட்டத்தில் ஒரே எண்களைச் சேர்த்துச் சேர்த்து இரட்டிப்பாக்கும் 2048தான். இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி 2014 மார்ச்சில், தமது 19 வயதில் எழுதியது. அதன் முழு நிரலும், யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், நம் தளத்தில் வைக்கலாம். உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது.

முதலில் நான் செய்த தவறு, நிரலை அப்படியே கதைப் பக்கத்துக்குள் ஒட்டியது. இது தனிப் பக்கமாக ஓடுவதற்காக எழுதப்பட்டது. அதனால் அதன் சிஎஸ்எஸ் (நிறம், எழுத்து போன்ற தோற்றத்தைச் சொல்லும் பகுதி) என் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. பின்னணி இளமஞ்சளானது, இணைப்புகளெல்லாம் தடித்த பழுப்பு நிறமாயின. அதைவிடப் பெரிய தொல்லை கீபோர்டு. அம்புக்குறிகளோடு டபிள்யூ, ஏ, எஸ், டி, அப்புறம் ஹெச், ஜே, கே, எல் எழுத்துகளும் கட்டங்களை நகர்த்தும். ஆர் தட்டினால் ஆட்டம் புதிதாகத் தொடங்கும். அதே பக்கத்தில் பிள்ளைகள் பெயர் எழுத ஒரு பெட்டி வைத்திருந்தேன். அதில் ராஜா என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட விழவில்லை. நாலும் விளையாட்டின் விசைகள்!

விளையாட்டை ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைத் தனியாகக் காட்டும் சட்டத்துக்குள், வைத்ததும் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தன. ஆனால் விளையாடுவதற்கு முன் ஒருமுறை கட்டத்தின் மேல் கிளிக் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அம்புக்குறி வேலை செய்யாது. போனில் விரல் கட்டத்தின் மேல் இருக்கும்வரை பக்கம் ஸ்க்ரோல் ஆகாது. அதனால் இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

தமிழாக்கும்போதுதான் அதிக நேரம் போனது. ஆட்டம் முடிந்ததைச் சொல்லும் வரி, விளையாட்டை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது, பொத்தான்களின் பெயர் பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் ஹெச்டிஎம்எல்லில். ஸ்கோர் என்ற சொல்லை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் அது சிஎஸ்எஸ்ஸுக்குள் இருந்தது. "மதிப்பெண்" அந்தச் சின்னப் பெட்டியில் அடங்காததால் "புள்ளி" என்று வைத்தேன். பிறகு ஆசைப்பட்டு, தமிழ் எண்களில் ஓடும் பிரதி ஒன்றும் செய்தேன். கட்டத்தில் எண்ணை எழுதும் ஒரே வரியை மாற்றினால் போதும், ௨, ௪, ௮, ௧௬ என்று வர ஆரம்பித்துவிடும். ௧௦௨௪ அகலமாக இருப்பதால் எழுத்தின் அளவை மட்டும் குறைத்தேன். தமிழ் எண்களைப் பாடமாக நடத்தாமலே பிள்ளைகள் படிக்கத் தொடங்கியதைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

இரண்டு பிரதிகளும் ஒரே தளத்தில் இருந்ததால், ஒன்றில் பாதியில் விட்ட ஆட்டம் மற்றொன்றில் திறந்தது. பிரௌசர் ஒவ்வொரு தளத்துக்கும் தரும் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் இரண்டும் ஒரே பெயரில் சேமித்ததுதான் காரணம். சேமிக்கும் ஃபைலில் இரண்டு பெயர்களை மாற்றியதும் சரியாகிவிட்டது.

2020இல் வைத்ததிலிருந்து இன்றுவரை அப்டேட் என்று எதுவும் தேவைப்படவில்லை. வெளி லைப்ரரி (பிறர் எழுதிய துணை நிரல்) எதையும் நம்பாத வெறும் ஜாவாஸ்கிரிப்ட் என்பதால் உடைவதற்கு அதில் ஒன்றுமில்லை. தளத்தில் வைத்த மற்ற விட்ஜெட்களை (சிறு செயலிகளை) நான் எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். பரிசுப் போட்டி நடத்த மட்டும் இது உதவாது. ஆட்டம் முழுவதும் பிரௌசரிலேயே நடப்பதால் புள்ளிகளை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்.

இப்போது சின்னப் பிள்ளைகளுக்காக மூன்றுக்கு மூன்று கட்டம் செய்கிறேன். தொடக்க வரியில் 4ஐ 3 ஆக்கி, பின்னணியில் இருக்கும் 16 கட்டங்களில் 7ஐ நீக்க வேண்டும். ஆனால் ஒன்பது கட்டத்தில் எப்படி ஆடினாலும் 1024ஐத் தாண்ட முடியாது. 2048க்காகக் காத்திருந்தால் யாருமே ஜெயிக்க மாட்டார்கள். வெற்றி எண்ணை 256 என்று வைத்திருக்கிறேன்.