கிழக்கு லண்டனில் கவுன்சில் வீட்டுத் திருத்த வேலை: 5க்கு 2

கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் பிளாட்டில், அதாவது உள்ளூராட்சி சபை வாடகைக்குத் தருகிற வீட்டில், பதினொரு வருடமாக இருக்கிறோம். இந்தக் குளிர்காலத்தில் திருத்த வேலைக்காக அலைந்த கதையை எழுதிப் போடச் சொல்லி எங்கள் புளொக்கில் இருக்கிற இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். எந்தக் கவுன்சில் என்று பெயர் போடவில்லை, மற்ற இடத்து ஆட்களோடு கதைத்தாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் பக்கத்து வீட்டு அன்ரியின் வீட்டைச் சூடாக்குகிற பொய்லர் நின்றுவிட்டது. எழுபத்தாறு வயது, தனியாக இருக்கிறார், ஆங்கிலம் கொஞ்சம்தான். "பிள்ளை, ஒருக்காப் போன் எடுத்துச் சொல்லிவிடு, கை எல்லாம் விறைக்குது" என்று சால்வையைப் போர்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். காலை பத்து மணிக்குச் சொன்னேன், பின்னேரம் ஐந்து மணிக்கு ஆள் வந்துவிட்டார். திருத்தி முடித்த பிறகும் உடனே போகவில்லை, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் கை வைத்துச் சுடுகிறதா என்று பார்த்து, அன்ரிக்குப் பட்டனைக் கையால் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த 2 மதிப்பெண்ணும் அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும்தான். அவசர வேலைக்கு இன்னும் எப்படியோ ஆள் அனுப்புகிறார்கள். அதற்கு அடுத்தபடியில் இருக்கிற வேலைகள்தான் கிடந்து இழுபடுகின்றன.

எங்கள் வீட்டில் பூஞ்சணம். 2025 நவம்பர் முதல் கிழமை மகளின் அறையில் அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் புள்ளி. அவளுடைய பள்ளிக்கூடக் கோட்டை மணந்து பார்த்தேன், அதிலும் அதே ஈர மணம். ஆஸ்துமாவுக்குப் பம்ப் பாவிக்கிற பிள்ளை. குளியலறைக்கு யன்னல் கிடையாது, காற்று இழுக்கிற ஃபான் செப்டெம்பரிலேயே நின்றுவிட்டது, இரண்டு தரம் சொல்லியும் ஆள் வரவில்லை, குளிக்கிற ஆவி முழுக்க அவளுடைய அறைக்குள்தான் போயிருக்கிறது.

கவுன்சிலுக்குப் போன் எடுத்து 50 நிமிடம் காத்து நின்றேன். எடுத்த பிள்ளை நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார், "மன்னிக்கவும், இன்றைக்கு மூன்று பேர்தான் போன் எடுக்கிறோம்" என்றார். அவரோடு எனக்குக் கோபம் இல்லை.

ஒன்பதாவது வேலை நாளில் சர்வேயர், வீட்டின் பழுதைப் பரிசோதிக்கிறவர், வந்தார். அதற்குக் காரணம் சட்டம். ரொச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால் 2020 டிசம்பரில் இறந்துபோனது பலருக்கு ஞாபகம் இருக்கும், தகப்பன் வருடக்கணக்காக முறையிட்டிருந்தார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே வந்த சட்டம் இங்கிலாந்தில் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்து 3 வேலை நாளுக்குள் என்ன கண்டோம் என்று எழுத்தில் தர வேண்டும், 5 வேலை நாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும், முடியாவிட்டால் தங்க வேறு இடம் தர வேண்டும்.

சரி, வந்தவர் கெட்டிக்காரர். ஈரம் அளக்கிற கருவியின் இரண்டு ஊசியையும் சுவரில் அழுத்தினார், லைட் சிவப்புக்குப் போனது, எனக்கும் காட்டினார். முதலில் ஃபான், பிறகு சுவர், வெளிச்சுவரில் செங்கல் இடுக்குப் பூச்சும் போயிருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் டப்லெட்டில் எழுதிக்கொண்டு போனார். அதோடு சரி. கடிதம் வரவில்லை. இரண்டு கிழமை கழித்துப் போன் எடுத்தால் அவர் ஏஜென்சி ஆள், கொன்ட்ராக்ட் முடிந்து போய்விட்டார், அவருடைய அறிக்கை எங்கள் பைலில் இல்லை என்கிறார்கள். ஜனவரியில் இரண்டாவது சர்வேயர் வந்து அதே சுவரில் அதே இடத்தில் ஊசியைக் குத்தி, எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார். திரும்ப முதலில் இருந்து சொன்னேன். ஹவுசிங் ஒஃபிசரும் இரண்டு வருடத்தில் இப்போது நாலாவது ஆள், மூன்று பேர் பார்த்த பகுதியைத் தான் ஒருத்தியே பார்ப்பதாகச் சொன்னபோது அவருக்குக் குரல் தளதளத்தது.

ஆள் பற்றாக்குறை என்றால் வேலை பிந்தும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிந்துவதைவிடப் பெரிய சேதம், ஒவ்வொருவரும் வேலையை விட்டுப் போகும்போது நாங்கள் சொன்னதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருகிறவருக்கு எங்கள் வீடு ஒரு நம்பர். திரும்பச் சொல்ல ஒவ்வொரு தரமும் நான் லீவு போட வேண்டும், மணித்தியாலச் சம்பளத்துக்கு நிற்கிறவளுக்கு லீவு என்றால் காசு இல்லை. அன்ரி போன்றவர்கள் ஒரு தரம் சொல்வதற்கே இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது, நாலு தரம் எப்படிச் சொல்வார்கள்?

கவுன்சில் டக்ஸ் கட்டுகிறோமே, அந்தக் காசு எங்கே என்று பலர் கேட்கிறார்கள். அது வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டுகிற வரி, அந்தக் காசு இதற்கு வராது. கவுன்சில் வீடுகளுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது, பெரும்பாலும் எங்கள் வாடகையில்தான் அது ஓடுகிறது. 2016இலிருந்து நாலு வருடம் வாடகையை வருடத்துக்கு 1 வீதம் குறைக்கச் சொல்லி அரசாங்கம் சட்டம் போட்டது, 2023இல் விலைவாசி அதைவிட மேலே போயிருக்கக் கூட்டுவதை 7 வீதத்தோடு நிறுத்தியது. எங்களுக்கு அது உதவிதான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குறைந்த காசுக்கு ஈடாக எதுவும் கொடுக்காமல் விட்டதுதான் இன்றைக்குக் கவுன்சிலில் ஆள் இல்லாத வெறும் கதிரைகளாக இருக்கிறது. நல்ல சர்வேயரும் பிளம்பரும் கூடுதல் சம்பளம் தருகிற இடத்துக்குப் போய்விடுகிறார்கள், அந்த இடத்தை நிரப்ப ஏஜென்சிக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கவுன்சில் வீட்டில் இருக்கிறவர்கள் தயவுசெய்து போனில் சொல்வதோடு நிற்காதீர்கள், அன்றைக்கே ஒரு மின்னஞ்சலும் போடுங்கள், ரெஃபரன்ஸ் நம்பரை வாங்குங்கள். வருகிறவர் யார், என்ன சொன்னார், எத்தனை மணி என்று கொப்பியில் எழுதி வையுங்கள். முதல் சர்வேயர் ஊசி குத்தியபோது நான் எடுத்த படம்தான் என்னைக் காப்பாற்றியது, இரண்டாவது ஆள் அதைத் தன் அறிக்கையிலேயே சேர்த்தார். யன்னல் இல்லாத குளியலறை ஃபான் நின்றால் 7 வேலை நாளுக்குள் திருத்த வேண்டும் என்று கவுன்சில் வாடகைக்காரருக்கு 1994இலிருந்தே விதி இருக்கிறது, தவறினால் வேறு ஒப்பந்தக்காரரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அவரும் தவறினால் 10 பவுன்ஸும் பிறகு நாளுக்கு 2 பவுன்ஸுமாக 50 பவுன்ஸ் வரை தர வேண்டும். பெரிய காசு இல்லை, ஆனால் அந்த விதியை எழுதிக் கேட்ட மின்னஞ்சலுக்குத்தான் எனக்கு அடுத்த நாளே பதில் வந்தது.

அதற்கும் அசையாவிட்டால் முறைப்பாடு என்ற சொல்லைப் போட்டு எழுதுங்கள். முதல் கட்டத்தில் 5 வேலை நாளுக்குள் முறைப்பாடு கிடைத்தது என்று கவுன்சில் சொல்லி, அதன் பிறகு 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், இரண்டாம் கட்டத்துக்கு 20. அதற்குப் பிறகு ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கிற தனி அமைப்பு, அங்கே முறையிடக் கட்டணம் கிடையாது. முறைப்பாடு எழுதினால் வீட்டை எடுத்துவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். முறையிட்டதற்காக வீட்டைப் பறிக்கச் சட்டத்தில் இடம் இல்லை.

எங்களுக்கு பெப்ரவரியில் ஃபான் மாற்றினார்கள், உள்சுவரைக் கழுவிப் பூசினார்கள், பூசிய தம்பி மருந்து காய்கிற வரைக்கும் பிள்ளையை அந்த அறையில் படுக்க விடாதீர்கள் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். வெளிச்சுவர் வேலை இன்னும் தொடங்கவில்லை. அலுமாரி அறை நடுவில்தான் நிற்கிறது, மகள் எங்களோடு ஹோலில் படுக்கிறாள். அந்த வேலை முடிந்த பிறகு மதிப்பெண்ணை மாற்றலாமா என்று பார்க்கிறேன்.