பாலஸ்தீன போஸ்டர் காப்பகம்: ஓர் அச்சுக்காரனின் மதிப்புரை

போஸ்டருக்கு எங்கள் பக்கம் ஆயுசு ஒரு ராத்திரிதான். காலையில் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போவார்கள், மழை வந்தால் கிழியும், தொங்குவதை மாடு தின்னும். சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டிப் பிழைக்கிற எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கிழிந்தால்தானே அடுத்த ஆர்டர் வரும்.

அப்படிப்பட்ட சரக்கைப் பத்தாயிரத்துக்கும் மேல் சேர்த்து, வரைந்தவர் யார், வெளியிட்டது எந்த அமைப்பு, எந்த வருடம், வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று முடிந்தவரை பதிந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். இணையத்தளத்தின் பெயர் பாலஸ்தீன் போஸ்டர் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ்ஸ். காசு கிடையாது. தொடங்கியவர் டான் வால்ஷ் என்ற அமெரிக்கர். எழுபதுகளில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தின் தொண்டராக மொராக்கோவில் இருந்தபோது போஸ்டர் சேர்க்க ஆரம்பித்தவர், அதன் பிறகு விடவேயில்லை. பிற்பாடு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்வாகவும் செய்திருக்கிறார்.

ஓவியத்தை அசலில் பார்க்க வேண்டும், அச்சுப் பிரதியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பாலஸ்தீன ஓவியத்தைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு செல்லாது. இங்கே அசல்தான் முதலில் காணாமல் போகிறது.

பாலஸ்தீன ஓவியர் சுலைமான் மன்சூரின் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயதான சுமைகூலி ஒருவர் ஜெருசலேம் நகரத்தையே மூட்டையாகக் கட்டி முதுகில் சுமக்கிறார். பின்னணியில் வீடு, தெரு எதுவும் இல்லை, வெறும் வெளி. 1973-இல் வரைந்தது. அசல் லிபியாவுக்குப் போய், 1986-இல் அமெரிக்கா அங்கே குண்டு போட்டபோது அழிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். மன்சூர் பிற்காலத்தில் அதை மறுபடி வரைந்தார். ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்த கிழவர், எழுபதுகளில் போஸ்டராகி வீட்டுச் சுவர்களில் ஏறிய கிழவர்தான். படுக்கை அறையில், மளிகைக் கடையில், அகதி முகாமின் தகரச் சுவரில் தொங்கியது பிரதிதானே.

பெய்ரூட் கதை இதைவிடப் பெரியது. 1978 மார்ச்சில் பெய்ரூட் அரபுப் பல்கலைக்கழகத்தில் பாலஸ்தீனத்துக்காக ஒரு சர்வதேச ஓவியக் கண்காட்சி நடந்தது. சுமார் முப்பது நாடுகளிலிருந்து கிட்டத்தட்ட இருநூறு படைப்புகள். ஒரு நாள் நாடு அமையும்போது அருங்காட்சியகத்துக்கு விதையாக இருக்கட்டும் என்று கலைஞர்கள் நன்கொடையாகக் கொடுத்தவை. 1982-இல் இஸ்ரேல் பெய்ரூட்டை முற்றுகையிட்டுத் தாக்கியபோது பெரும்பகுதி போய்விட்டது. பெரும்பாலும் மிஞ்சியது கேட்டலாக்கும் சில தாள்களும். காசாவில் எல்திகா, ஷபாபீக் என்ற இரண்டு ஓவியக் கூடங்கள் இருந்தன. 2023-இல் தொடங்கிய போரில் இரண்டுமே தரைமட்டம். ஒரே ஒரு கேன்வாஸ் இருந்தால் ஒரு குண்டு போதும். ஐயாயிரம் காப்பி ஓட்டி நாலு நாட்டுக்கு அனுப்பியதை எவனும் மொத்தமாக அழிக்க முடியாது. இந்தத் தளத்தை நான் மெச்சுவதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, தளத்துக்குள் போவோம். ஓவியர் பெயர், வருடம், மொழி என்று பல வழிகளில் தேடலாம். எனக்குப் பிடித்தது சின்னங்களை வைத்துத் தேடும் வழி. சாவி, ஆரஞ்சு, ஒலிவ மரம், புறா, சப்பாத்திக்கள்ளி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சாவியைத் தட்டினால் சாவியாகக் கொட்டுகிறது. 1948-இல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள், அல்லது தப்பி ஓடினார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்கள் ஏராளம். அந்தச் சாவி ஒரு போஸ்டரில் பாட்டியின் கையில் இருக்கிறது, இன்னொன்றில் எழுத்தோடு எழுத்தாக வளைந்து கிடக்கிறது. சப்பாத்திக்கள்ளி இன்னும் சுவாரஸ்யம். வயலுக்கு வேலியாக நட்ட செடி அது. வீடுகளை இடித்துத் தள்ளிய பிறகும் கள்ளி மட்டும் திரும்பத் தழைத்து, இங்கே ஓர் ஊர் இருந்தது என்று எல்லை காட்டிக்கொண்டு நிற்கும்.

இஸ்மாயில் ஷம்மூத் என்ற ஓவியரைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். லித்தா (இன்று இஸ்ரேலில் இருக்கும் லோட்) என்ற ஊரிலிருந்து 1948 ஜூலையில் துரத்தப்பட்டபோது அவருக்குப் பதினெட்டு வயது. காசாவின் கான் யூனிஸ் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு ஓவியரானவர். 1953-இல் அவர் வரைந்த 'எங்கே போவது?' படத்தில் வயதான ஒருவர், தோளில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பிறகு பாலஸ்தீன விடுதலை அமைப்பின் (பி.எல்.ஓ.) கலைப் பிரிவை நடத்தினார். படம் வரைபவன் போஸ்டரைக் கேவலமாக நினைக்காத காலம் அது. எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியே போஸ்டர் வரைந்திருக்கிறார்.

இனி என் தொழில் பக்கம் கொஞ்சம். 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரை, காசா பகுதிகளில் பாலஸ்தீனக் கொடிக்குத் தடை, 1993 வரைக்கும். 1980 வாக்கில் ரமல்லாவில் கேலரி 79 என்ற கூடத்தை இஸ்ரேலிய ராணுவம் இழுத்து மூடியது. கொடியின் நிறங்களான சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை சேர்த்து வரையக் கூடாது என்று ஓர் அதிகாரி சொல்ல, பூ வரைந்தால் என்ன செய்வீர்கள் என்று ஓவியர்கள் கேட்க, தர்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான் என்று பதில் வந்ததாம். மன்சூர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அச்சுக் கணக்கில் பார்த்தால் அந்தக் கொடிக்கு மூன்று மைதான் வேண்டும், வெள்ளை காகிதத்திலேயே இருக்கிறது. மூன்று பிளேட், மூன்று ஓட்டு, நாலு கலர் வேலையைவிட மலிவு. பழைய போஸ்டர்கள் பலவற்றில் ஃபோட்டோவைத் தவிர்த்து, ஃபிளாட் கலரில், அதாவது சாயல் இல்லாத ஒரே நிறத்தில், பெரிய உருவமாகப் போட்டிருப்பதைப் பார்க்கும்போது, கையில் காசில்லாதவனின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ரிஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல் இன்னொன்று உட்காருவது, அரை மில்லி விலகினாலும் கெட்டுப்போகாத டிசைன்கள் அவை.

கியூபாக்காரர்கள் செய்தது தனி ரகம். ஒஸ்பால் என்ற, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மக்களின் ஒற்றுமை அமைப்பு 'டிரைகான்டினென்டல்' பத்திரிகைக்குள் போஸ்டரை மடித்து வைத்து உலகம் முழுக்க அனுப்பியது. ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு நாலிலும் வாசகம் இருக்கும். போஸ்டருக்கென்று தனித் தபால் செலவே இல்லை. நான் இதற்கு எழுந்து நின்று கைதட்டுவேன்.

இன்னொரு விஷயம் சிலருக்கு நெருடலாம். பாலஸ்தீனர், அரபு நாட்டவர், வெளிநாட்டு ஆதரவாளர் ஆகியோரின் போஸ்டர்களோடு, யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச இயக்கத்தின் போஸ்டர்களையும் இஸ்ரேலியப் போஸ்டர்களையும் இதே தளத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. 'விசிட் பாலஸ்தீன்' என்ற பிரபலமான சுற்றுலா போஸ்டரை 1936-இல் வரைந்தவர், ஆஸ்திரியாவில் பிறந்து பாலஸ்தீனத்தில் குடியேறிய யூதர் ஃபிரான்ஸ் கிராவுஸ். மரக்கிளைகளுக்குக் கீழே ஜெருசலேம் தெரியும் படம். 1995-இல் இஸ்ரேலிய வடிவமைப்பாளர் டேவிட் டார்டகோவர் அதை மறுஅச்சு செய்தார். அதற்குப் பிறகு பாலஸ்தீனர்களே அதைச் சுவரில் மாட்ட ஆரம்பித்தார்கள், எங்கள் நாட்டின் பெயர் எழுதியிருக்கிறதே என்று. 2009-இல் பாலஸ்தீன ஓவியர் அமேர் ஷொமாலி அதே படத்தில் நகரத்தை மறைத்துக்கொண்டு இஸ்ரேல் கட்டிய தடுப்புச் சுவர் நிற்பதாக மாற்றினார். ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்திருந்தால் இந்தக் கதை விளங்கியிருக்குமா?

இந்த 'விசிட் பாலஸ்தீன்' படத்தின் மறுஅச்சு ஒன்றை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். வந்தது இன்க்ஜெட் பிரிண்ட், பளபள காகிதம், கிளைகளின் நிறம் கறுத்துப்போய், எழுத்து ஓரமெல்லாம் பிசிறு. இணையத்தில் கிடைத்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி ஓட்டியிருக்கிறார்கள். பழைய போஸ்டரின் பிரதி வாங்குவதாக இருந்தால், என்ன காகிதம், எந்த முறையில் அச்சிட்டது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் சொல்லாத கடையை விட்டுவிடலாம்.

காப்பகத்தில் எனக்குக் குறையாகப் பட்டவையும் உண்டு. படங்கள் பார்க்கப் போதும், லென்ஸ் வைத்து ஆராயப் போதாது. ஸ்கிரீன் பிரிண்டா ஆஃப்செட்டா என்று புள்ளியைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கை துறுதுறுக்கிறது, அந்த அளவுக்குப் பெரிதாக்க வழியில்லை. சமீப வருடங்களில் வந்த பலவும் கணினியிலேயே பிறந்து, கணினியிலேயே பகிரப்பட்டவை, காகிதத்தையே பார்க்காதவை. அவற்றையும் போஸ்டர் என்று அதே வரிசையில் அடுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தனிப் பிரிவாக வைக்கலாம். அரபுப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் விதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் தேடிப் பாருங்கள். அப்புறம், வரைந்தவர் பெயர் இருக்கிறது, வெளியிட்டவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயரைப் பெரும்பாலும் காணோம். தடை இருந்த ஊரில் துணிந்து மிஷின் ஓட்டியவன் பெயரைப் போட முடியாதுதான். ஆனால் பெய்ரூட்டிலும் ஹவானாவிலும் அச்சான தாள்களுக்காவது அந்த விவரத்தைத் தேடிச் சேர்த்தால் என்னைப் போன்றவர்கள் கும்பிடுவோம்.

ஃபோனில் பார்க்காதீர்கள், பெரிய திரை வேண்டும். வீட்டில் பிள்ளைகள் டிசைன் படிக்கிறார்கள் என்றால் சாவியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பழையதிலிருந்து புதியது வரை வருட வரிசையில். இரண்டு கலரில் எவ்வளவு செய்யலாம் என்று அவர்களுக்கு எந்த வகுப்பிலும் இவ்வளவு எடுத்துக்காட்டோடு காட்டமாட்டார்கள்.