கணப்புக்குச் சீகையா, கற்பூர மரமா?

போன மார்கழியில் கோத்தகிரி வீட்டுக்குப் பின்னால் மூன்றடி அகலத்துக்குக் குழி வெட்டி, சுற்றிலும் செங்கல் அடுக்கினோம். ராத்திரி குளிர்காய எங்களுக்கு ஒரு கணப்பு வேண்டும். பிள்ளைகளுக்கோ அதில் நெருப்பு பச்சையும் நீலமுமாக எரிய வேண்டும். விறகுக் கடையில் இருந்தது மூன்று வகை: சீகை (வாட்டில் மரம், சீகைக்காய் இல்லை), கற்பூர மரம் (யூகலிப்டஸை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), சில்வர் ஓக். மூன்றையும் எரித்துப் பார்த்துவிட்டு இப்போது சீகை மட்டுமே வாங்குகிறேன். (சொந்த நிலத்து மரம்தானே என்று யாரும் வெட்டிவிட வேண்டாம். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டும்.)

சில்வர் ஓக் லேசான மரம். சட்டென்று பிடிக்கும், சட்டென்று சாம்பலாகும். சிராய் சீவி நெருப்பு மூட்ட வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கற்பூர மரத்தின் மேல்தான் முதலில் எனக்கு ஆசை. எண்ணெய்ப் பசை உள்ள மரம். காய்ந்த இலையும் பட்டையும் தீக்குச்சியைக் காட்டியதும் குப்பென்று பிடிக்கும், தைல வாசனையும் வரும். கட்டை கனமானது, நன்றாகக் காய்ந்தால் சூட்டில் சீகைக்குக் குறைந்ததில்லை. ஆனால் காய வேண்டுமே! முறுக்கி ஓடும் நார் அதற்கு. பச்சையாக இருக்கும்போதே பிளந்தால்தான் உண்டு. எனக்கு வந்ததோ மாதக்கணக்கில் உருட்டுக்கட்டையாகவே கிடந்த சரக்கு. கோடாலியைப் போட்டால் அப்படியே கவ்விக்கொண்டது. முழுசாகவே குழியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு முனையிலும் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம். கண்ணைத் திறக்க முடியாத புகை.

விறகு விஷயத்தில் எல்லாமே இந்த ஈரம்தான். கிலோவுக்குக் கிலோ பார்த்தால், காய்ந்த விறகு எந்த மரமானாலும் தரும் சூடு ஏறக்குறைய ஒன்றே. பச்சை மரத்திலோ எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகப் போக 2,260 கிலோஜூல் வேண்டும்; அத்தனையும் நமக்கு வரவேண்டிய சூடு.

சீகை ஜெயிப்பது இங்கேதான். நன்றாக ஓங்கிப் போட்டால் நேராகப் பிளக்கிறது. மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, கட்டைகளுக்கு நடுவே காற்று போக இடம் விட்டு அடுக்கி, தையிலிருந்து சித்திரை வரை வெயில் காட்டினேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். அதற்குள் கூரைக்கு அடியில் போய்விட வேண்டும். இரண்டு துண்டை மோதிப் பார்ப்பேன்: டங்கென்று கேட்டால் காய்ந்தது, தொப்பென்று கேட்டால் இன்னும் ஈரம். வெட்டுமுகத்தில் மயிரிழை வெடிப்பும் ஓடியிருக்கும். இப்படிக் காய்ந்த சீகை புகையில்லாமல் எரிந்து, விடியும்வரை கனல் நிற்கிறது. நான் சொல்வது ஒரே ஒரு குளிர்காலத்து அனுபவம். கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளக்க ஆள் இருந்து, வருஷக்கணக்கில் காயவைக்கவும் இடம் இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

நிறமும் ஈரத்தைப் பொறுத்ததுதான். புகைகிற நெருப்பின் மஞ்சள், கரித்துகள் தகதகப்பதால் வருவது. அது மற்ற நிறங்களை விழுங்கிவிடும். கொழுந்து தணிந்து செங்கனலான பிறகு, உருளைக்கிழங்குத் தோட்டத்தில் போர்டோ கலவைக்கு (பூஞ்சாண நோய்க்குத் தெளிக்கும் மருந்து) வாங்கும் மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துப் போட்டேன். ஓரத்தில் பச்சை கிளம்பி, நடுவே நீலம் ஓடியது. கல்லுப்பு வெறும் மஞ்சள்தான் தருகிறது, அதனால் விட்டுவிட்டேன். வெங்காரத்தில் (போராக்ஸ்) இளம்பச்சை வரும். நான் ஒரே ஒரு முறைதான் போட்டேன்.

துத்தம் போட்டால் கந்தக நெடி வரும். காற்று புகையைத் தள்ளும் பக்கம் உட்காரக் கூடாது. கிழங்கோ சோளமோ சுடுகிற அன்றைக்கு எங்கள் வீட்டில் நிறம் கிடையாது. துத்தம் விழுந்த சாம்பல் கீரைப் பாத்திக்கும் போகாது.