காரச் சாப்பாட்டுக்குத் தோதான ரெட் ஒயின்: போஜொலே-வில்லாஜ்

பிரெஞ்சு ரெட் ஒயின் என்றாலே போர்தோ பாட்டிலைத் தேடுகிறவர்கள் அதிகம். நம் காரத்துக்கு அது ஒத்துவராது. அதில் சேரும் கபர்னே சோவிஞோன் திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். மிளகாய் எரிச்சலோடு சேர்ந்தால் வாயில் துவர்ப்பும் கசப்பும்தான் மிஞ்சும். ராயபுரம், பெரம்பூர், புளியந்தோப்புச் சமையலுக்குப் பக்கத்தில் வைக்க போஜொலே-வில்லாஜ் நல்ல தேர்வு.

லியோன் நகரத்துக்கு வடக்கே விளையும் கமே திராட்சையில் செய்வது இது. டானின் குறைவு, புளிப்பு தூக்கல். 1395-ல் வடக்கே பர்கண்டிப் பகுதியை ஆண்ட கோமகன் பிலிப் இந்தச் செடியைத் தன் மண்ணிலிருந்து பிடுங்கச் சொல்லி ஆணையிட்டார். தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில்தான் அது செழித்தது. பழத்தை நசுக்காமல் கொத்துக் கொத்தாகத் தொட்டியில் நிரப்புவார்கள். அடியில் உள்ளது பாரத்தில் நசுங்கிப் புளிக்கும்; அதிலிருந்து எழும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியை நிறைக்க, மேலே இருக்கும் பழங்கள் முழுசாகவே, தோலுக்குள்ளேயே நொதிக்கும். அதனால் துவர்ப்பு அதிகம் இறங்காமல் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி வாசனை தூக்கலாக நிற்கும். சில பாட்டில்களில் வாழைப்பழ வாசனையும் வரும். கெட்டுப்போனதென்று நினைக்க வேண்டாம்.

வாங்கும்போது லேபிளில் ஆண்டைப் பாருங்கள். வில்லாஜ் ரகத்தை இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிடுவது நல்லது. அந்த ஆண்டு அறுவடையில் செய்து நவம்பர் மூன்றாம் வியாழனன்று வரும் நூவோ ரகம் சில மாதங்களுக்குள் தீர வேண்டிய சரக்கு. வெயில் படும் ஷோகேஸில் நின்ற பாட்டில், கார்க் மேலே தள்ளியிருப்பது, மூடி ஓரம் பிசுபிசுப்பது மூன்றுமே வேண்டாம். சூட்டில் வெந்த ஒயின் ஜாம் மாதிரி மணக்கும், நிறமும் பழுப்படிக்கும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் கோளாறு கார்க்கில்.

ரெட் ஒயினை ‘ரூம் டெம்பரேச்சரில்’ குடிக்கலாம் என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. வண்ணாரப்பேட்டை வீட்டில் 32 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும், பழவாசனை அமுங்கிவிடும். கமேவுக்கு 12 முதல் 14 டிகிரி வேண்டும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டு, பாட்டிலைக் கழுத்து வரை அமிழ்த்தி வைத்தால் கால் மணி நேரம் போதும். தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஐஸில் செருகினால் சீக்கிரம் குளிராது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். அதிகம் குளிர்ந்தால் வாசனை அடைத்துக்கொள்ளும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

சாப்பாட்டில் முதலிடம் சுறாப் புட்டுக்கு. சிவப்பு ஒயினின் இரும்புச்சத்தும் மீன் கொழுப்பும் சேர்ந்தால் கவிச்சி கிளம்பும். அதனால்தான் மத்தி, கானாங்கெளுத்தி இதோடு சேராது. சுறாவில் சதைக் கொழுப்பு குறைவு. பூண்டும் இஞ்சியும் தாளித்து, பச்சை மிளகாயைக் கொஞ்சம் அடக்கிப்போட்டு உதிர்த்த புட்டு, கமேவின் புளிப்புக்கு அருமையாகப் பொருந்துகிறது. அடுத்தது தேங்காய்ச் சில்லு போட்ட மாட்டுக்கறி மிளகு வறுவல்: அதன் உப்பும் கொழுப்பும் ஒயினின் மிச்சத் துவர்ப்பையும் மழுப்பிவிடும். பெரம்பூர் ஆங்கிலோ இந்திய வீடுகளின் மஞ்சள் தேங்காய்ப்பால் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

புளி ஊற்றிய மீன்குழம்பு கூடாது. சாப்பாட்டின் புளிப்பு ஒயினை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். பர்மா பஜார் பக்கத்தில் விற்கும் பர்மிய நூடுல்ஸான அத்தோவுக்கும் அதே கதி. எலுமிச்சையும் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் சேர்ந்து எல்லாவற்றையும் அடித்துவிடும். அத்தோவுக்கு வாழைத்தண்டு சூப்பே போதும்.

போஜொலேயின் தனிப்பெயர் பெற்ற பகுதிகளான மொர்கோன், மூலேன்-ஆ-வோன் என்று லேபிளில் இருந்தால் அதுவும் கமேதான், ஆனால் கனமானது, விலையும் கூட. கிறிஸ்துமஸ் ரோஸ்ட்டுக்கு அதை எடுங்கள், வறுவலுக்கு வில்லாஜ் போதும். திறந்த பாட்டிலில் மிஞ்சியதைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் மட்டன் ஸ்டூவில் ஊற்றிவிடலாம்.