"விண்டோஸும் ஓடும்" என்று சொல்லி மக்புக் விற்பவர்களிடம் கவனம்

யாழ்ப்பாணத்தில் கணக்கு வேலை, நில அளவை, கட்டட வரைபடம் என்று விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள் அப்பிளின் மடிக்கணினியான மக்புக் வாங்க நினைத்தால், காசை நீட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள். நகருக்குள் இருக்கும் ஒரு கணினிக் கடை எனக்குச் செய்ததை இன்னொருவருக்கும் செய்யக்கூடாது.

நான் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். சுன்னாகம், நெல்லியடி என்று கடை கடையாகப் போக வேண்டும். பாரம் குறைந்த, மின்சாரம் நின்றாலும் நாள் முழுக்கத் தாங்கும் கணினி தேவைப்பட்டது. அந்த வகையில் மக்புக் எயார் அருமையான கணினி. இப்போதும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். அதைத் திறக்க யூஎஸ்பியில் செருகும் ஒரு சாவியும் வேண்டும். அந்தச் சாவியைக் கடை மேசையில் வைத்துத்தான் கேட்டேன். "பயப்படாதீர்கள் அக்கா, பூட்காம்ப் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறோம், எல்லாம் ஓடும்" என்றார் அங்கிருந்த தம்பி. ஏற்றுவதற்கென்று தனியாகவும் பணம் வாங்கினார்கள்.

பூட்காம்ப் என்பது மக் கணினியில் விண்டோஸை நேரடியாக ஏற்ற உதவும் அப்பிளின் மென்பொருள். அது இன்டெல் சில்லு உள்ள மக் கணினிகளுக்கு மட்டுமே உரியது. 2020 நவம்பரில் அப்பிள் தன் சொந்த எம்1 சில்லை அறிமுகப்படுத்தியது. எம் வரிசைச் சில்லு உள்ள எந்தக் கணினியிலும் பூட்காம்ப் கிடையாது. எனக்கு விற்றது எம்2. கணினி விற்றுப் பிழைப்பவர்கள் இதை அறியாமல் இருக்க நியாயமே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், பேரலல்ஸ் என்ற மென்பொருளால் மக்கினுள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸ் 11 ஐ ஏற்றியிருந்தார்கள். அந்த வழியில் பிழையில்லை. 2023 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட்டே அதை அங்கீகரித்தது. ஆனால் இரண்டுக்கும் தனித்தனியே உரிமம் வாங்க வேண்டும். எனக்குத் தந்த பேரலல்ஸ், பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. விண்டோஸுக்கு உரிமமே இல்லை. உரிமத்தைப் பதியச் சொல்லும் மங்கலான சாம்பல் எழுத்து திரையின் வலது கீழ் மூலையில் எந்நேரமும் கிடந்தது.

சாவியைச் செருகினேன். அதன் சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. மென்பொருளோ சாவி இல்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. சாதனப் பட்டியலைத் திறந்தால், சாவியின் பெயருக்கு அருகில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி.

காரணம் இதுதான். அப்பிளின் எம் சில்லுகள் இன்டெல்லிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகையைச் சேர்ந்தவை. அதனால் இந்தக் கணினிகளில் ஓடுவது ஆர்ம் சில்லுக்கான விண்டோஸ். இன்டெல்லுக்காக எழுதப்பட்ட சாதாரண மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை அது மாற்றி ஓட்டிவிடும். ஆனால் சாவி, பிரிண்டர் போன்ற சாதனங்களை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் எனும் சிறு மென்பொருள்களை அப்படி மாற்ற அதனால் முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். என் சாவிக்கு அப்படி ஒன்று இல்லை. பழைய பிரிண்டருக்கும் அதே கதி. போதாக்குறைக்கு, இருக்கும் 8 ஜிபி நினைவகத்தை மக்கும் விண்டோஸும் பங்குபோட வேண்டும். அதைப் பின்னர் கூட்டவும் முடியாது.

திரும்பப் போனேன். "கணினியில் பிழை இல்லை அக்கா, உங்கள் மென்பொருள்தான் பழையது" என்றார் அதே தம்பி. விற்ற பொருள் மீளப் பெறப்படாது என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருந்ததை முதலாளி காட்டினார். விண்டோஸ் ஏற்ற வாங்கிய பணத்தையாவது தாருங்கள் என்றேன். அது வேலைக்கான கூலியாம். நடக்காத வேலைக்கு என்ன கூலி? வருமான வரி விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். என்னை நம்பிக் கணக்கைத் தந்தவர்கள் அந்த நெருக்கடியில் காத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது பழைய விண்டோஸ் கணினியைச் சாவியோடு அலுவலகத்தில் ஓடவிட்டு, மக்கிலிருந்து அதனோடு இணைந்து வேலை செய்கிறேன். அதற்கான மைக்ரோசொப்ட் செயலி இலவசம். அலுவலகக் கணினியில் இருப்பது விண்டோஸ் புரோவாக இருக்க வேண்டும்; ஹோம் பதிப்போடு இப்படி இணைய முடியாது. வெளியிலிருந்து இணைவதானால், இணைப்பை மற்றவர்கள் நுழையாமல் காக்கும் விபிஎன் கட்டாயம். இந்த வழியைக் கடையில் முதலே சொல்லியிருக்கலாம்.

வாங்குமுன் உங்கள் மென்பொருளை, உங்கள் சாவியோடும் பிரிண்டரோடும், விற்கும் அதே கணினியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்ன மென்பொருள் இதில் இயங்கும் என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பற்றுச்சீட்டின் பிரதியையும் அந்த மஞ்சள் முக்கோணம் தெரியும் படத்தையும் இணைத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரிப்பதற்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இதே பேச்சை நம்பி வாங்கியவர்கள், நாள் கடப்பதற்குள் உங்கள் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள்.