கற்பனை வாடிக்கையாளரா, மகளிர் குழுவா?

ஊறுகாய் லேபிள் வடிவமைப்பைக் கற்பிக்க இரண்டு வழி. கற்பனை வாடிக்கையாளருக்குச் செய்தால் எழுத்துரு, வண்ணம், இடைவெளி கைவரும். முதலாம் ஆண்டுக்கு அது போதும்.

மகளிர் சுய உதவிக் குழுவுக்குச் செய்யும்போதுதான் லேபிளின் முழு வேலையும் தெரியும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், பச்சைச் சைவக் குறி, நிகர எடை, எம்ஆர்பி, சேர்மானங்கள் எல்லாம் அடங்க வேண்டும். தேதியும் பேட்ச் எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றைக் குத்த லேமினேஷன் இல்லாத வெற்றிடம் வேண்டும், பளபளப்பில் முத்திரை மை அழிந்துவிடும். வெறும் தாளில் எண்ணெய் ஊறும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாங்கும், விலை கூடுதல். ஆகவே செலவைக் குழுவோடு பேசிவிட்டே வரையத் தொடங்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் மாணவர்கள் போய்விடுவதே இந்த இரண்டாம் வழியின் பெரிய ஓட்டை. திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் வெட்டும்போது கழிய 3 மி.மீ. கூடுதல் விளிம்புள்ள அச்சுக் கோப்பையும் குழுவிடம் ஒப்படைக்காதவருக்கு மதிப்பெண் போடக் கூடாது.