பைப் ரிப்பேர் கிளாம்ப், சிலிக்கான் டேப், எபாக்ஸி புட்டி: மூணையும் யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதறேன்

வீட்டுல பைப் உடைஞ்சா அந்த நிமிஷத்துல கையில என்ன இருக்கணும்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ரிப்பேர் கிளாம்ப் தான். டேப்பும் நல்ல பொருள்தான், புட்டியும் நல்ல பொருள்தான், ஆனா தண்ணி பீச்சி அடிக்கிற பைப்புக்கு அது ரெண்டும் சரிப்பட்டு வராது. மூணையும் எங்க வீட்டுலயே போட்டுப் பாத்தாச்சு, அதான் இவ்வளவு தைரியமா சொல்றேன்.

கிளாம்ப்னா என்னன்னு பாக்காதவங்களுக்காக. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ரெண்டு அரைவட்டத் துண்டு, உள்பக்கம் தடிமனா ஒரு ரப்பர் ஷீட்டு, சைடுல ரெண்டோ நாலோ போல்ட்டு. உடைஞ்ச எடத்து மேல ரப்பர் உக்கார்ற மாதிரி மாட்டி போல்ட்ட முறுக்கினா ரப்பர் பைப்ப அமுக்கி ஓட்டைய அடைச்சிடும். இதுல பசை கெடையாது, காயணும்னு கெடையாது. அங்கதான் இது மத்த ரெண்டையும் ஜெயிக்குது. உடைஞ்ச பைப்பு எப்பவும் ஈரமாத்தான் இருக்கும், அழுக்கா இருக்கும், லைனை மூடினாலும் உள்ள மிச்சம் இருக்கற தண்ணி கசிஞ்சிகிட்டே இருக்கும். டேப்பும் புட்டியும் ஈரத்தப் பாத்தா சண்டித்தனம் பண்ணும், கிளாம்ப்புக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல.

பொருளப் பத்தி மேல சொல்றதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன், இத விட்டுட்டு ரிவ்யூ எழுதினா அது முழுசு இல்ல. என்ன பொருள் வாங்கி வச்சாலும் சரி, முதல்ல உங்க மெயின் வால்வு எங்க இருக்குனு வீட்டுல இருக்கற எல்லாருக்கும் தெரியணும், அது திருப்பினா திரும்பணும். சக்கரம் மாதிரி இருக்கற கேட் வால்வ வருஷக்கணக்கா தொடாம விட்டா உள்ள உப்பும் துருவும் பிடிச்சு இறுகிப்போயிடும், அவசரத்துல பலம் போட்டு திருப்பினா உள்ள இருக்கற தண்டு உடைஞ்சு சக்கரம் மட்டும் சும்மா சுத்தும், தண்ணி நிக்காது. அதுக்கு பதிலா பால் வால்வு போட்டா கைப்பிடிய கால் சுத்து திருப்பினா போதும், பைப்புக்கு குறுக்கா நின்னா மூடியிருக்கு, பைப்போட நேரா நின்னா தெறந்திருக்கு, கொழந்தைக்கு கூட சொல்லிக் குடுக்கலாம். மூடினதும் வீட்டுலயே தாழ்வா இருக்கற குழாய தெறந்து விடுங்க, லைன்ல நிக்கற தண்ணி ஓட்டை வழியா வராம அந்தப் பக்கம் போயிடும். வாட்டர் ஹீட்டர் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடணும். பக்கத்துல பிளக் பாயிண்ட்டோ சுவிட்ச் போர்டோ நனைஞ்சிருந்தா ஈரத்துல நின்னுகிட்டு அதத் தொடாதீங்க, ஈரம் இல்லாத எடத்துல இருந்து மெயின ஆஃப் பண்ண முடிஞ்சா மட்டும் பண்ணுங்க, இல்லன்னா எலக்ட்ரீஷியன கூப்டுங்க.

இப்ப எங்க வீட்டு விஷயம். வெளிச்சுவர் மேல வெயில் படற மாதிரி போற முக்கால் இன்ச் பிவிசி லைன், பெயிண்ட் எதுவும் அடிக்காதது. பிவிசிக்கு வெயில் ஆகாது, அல்ட்ரா வயலட் பட்டுப் பட்டு மேல வெளுத்து நொறுங்குற பதத்துக்கு வந்துடும், அதோட மோட்டார் ஆன் ஆகறப்பவும் குழாய சட்டுனு மூடறப்பவும் பைப்புக்குள்ள ஒரு அடி விழும் பாருங்க, டொக்குனு சத்தம் கேக்குமே, அது நாள் முழுக்க விழுந்துகிட்டே இருந்தா எங்க பலவீனமோ அங்க விட்டுடும். எங்களுக்கு நீளவாக்குல ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். குளிர் ஊருல இருக்கறவங்களுக்கு வேற காரணம், தண்ணி உறையறப்போ கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், ரெண்டு பக்கமும் அடைஞ்சு கெடக்கற பைப்புக்குள்ள அழுத்தம் ஏறி இரும்பானாலும் பிளந்துடும். காரணம் எதுவா இருந்தாலும் ரிப்பேர் ஒன்னுதான்.

முதல்ல டேப். தன்னோட தானே ஒட்டிக்கிற சிலிக்கான் டேப்பு, பசை கெடையாது, மேல இருக்கற பிளாஸ்டிக் தாள உரிச்சிட்டு ரெண்டு மூணு மடங்கு நீளத்துக்கு இழுத்து இழுத்து, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதிய மூடற மாதிரி சுத்தணும். இழுக்காம சும்மா சுத்தினா ஒட்டவே ஒட்டாது, நெறைய பேரு டேப்பு மட்டம்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்னு நெனக்கிறேன். லைன மூடி, துணியால பைப்ப நல்லா தொடச்சு, விரிசலுக்கு ரெண்டு பக்கமும் தாராளமா விட்டு சுத்தினேன். மேல டேங்க்ல இருந்து வர்ற தண்ணிக்கு தாங்குச்சு, உண்மையச் சொல்லணும்னா நல்லாவே தாங்குச்சு. ஆனா பிரஷர் பம்ப் ஓடினதும் சுத்துக்கு நடுவுல ஒரு எடம் மெதுவா உப்பிச்சு, கொப்புளம் மாதிரி பளபளன்னு நின்னுச்சு, அப்புறம் அதோட ஓரத்துல இருந்து முடி கனத்துக்கு ஒரு நீர் இழை சுவத்துல பட்டுது. இதுல ஆச்சரியப்பட ஒன்னும் இல்ல. டேங்க்ல தண்ணி மட்டம் 10 மீட்டர் உசரத்துல இருந்தாத்தான் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் வரும், சாதாரண வீட்டு டேங்குக்கு அதுல பாதி தேறினாலே பெருசு. பம்போ நேரடி மெயின் லைனோ அதுக்குப் பல மடங்கு தள்ளும். அதனால டேப்ப கிச்சன் சிங்க்குக்கு அடியில இருக்கற டிரெயின் பைப்பு, தோட்டத்து ஹோஸ், அழுத்தம் இல்லாத எடம், இதுக்கெல்லாம் வச்சிக்கோங்க. அங்க இதுக்கு ஈடே இல்ல, வளைவு மேலயும் சுத்தலாம், ஜாயிண்ட் மேலயும் சுத்தலாம், கிளாம்ப்பால முடியாத வேலை அது. கழட்டணும்னா கத்தியால கீறித்தான் எடுக்கணும், அவ்வளவு ஒன்னா சேந்துடும்.

புட்டிய நான் விரிசலுக்குப் போடல, வேற எடத்துல பழைய ஜிஐ பைப்புல (துத்தநாகம் பூசின இரும்பு பைப்பு) மரை பக்கம் ஊசி முனை அளவுல ஒரு துரு ஓட்டை, அதுக்குப் போட்டேன். ரெண்டு கலர்ல ஒரே உருளையா வரும், தேவையான அளவு வெட்டி ரெண்டு கலரும் கோடு கோடா தெரியாம ஒரே நெறமா ஆகற வரைக்கும் பிசையணும், கையில கதகதன்னு சூடு வர ஆரம்பிச்சா ரியாக்‌ஷன் தொடங்கிடுச்சுனு அர்த்தம், அதுக்கப்புறம் சில நிமிஷந்தான் டைம். கையுறை போட்டுக்கோங்க, எபாக்ஸி சில பேரு தோலுக்கு ஒத்துக்காது. துருவ உப்புக்காகிதம் போட்டு பளிச்சுனு உலோகம் தெரியற வரைக்கும் தேச்சு, நல்லா காய வச்சு அமுக்கி வச்சேன், இன்னும் அப்படியே இருக்கு. ஆனா ஒரு துளி தண்ணி கசிஞ்சிகிட்டு இருந்தாலும் புட்டி இறுகறதுக்குள்ள அந்தத் துளி தனக்குன்னு ஒரு சின்ன வழி போட்டுடும், மேல கல்லு மாதிரி இறுகியிருக்கும், ஓரத்துல தண்ணி வந்துகிட்டே இருக்கும். ஈரத்துலயும் இறுகற ரகம் இருக்குதான், அதுவும் கசிவு நின்னாத்தான் சரியா பிடிக்கும். முழுசா இறுகறதுக்கு பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்த குடுங்க, பலதுக்கு ஒரு நாள் கூட ஆகும், அது வரைக்கும் லைன தெறக்கக் கூடாது. வீட்டுல தண்ணி இல்லாம அவ்வளவு நேரம் யாரால இருக்க முடியும் சொல்லுங்க. பாலிஎத்திலீன், பிபிஆர் பைப்பு வச்சிருக்கறவங்க இத நம்பாதீங்க, அந்த பிளாஸ்டிக்ல எபாக்ஸி பிடிக்கறதே கம்மி.

கிளாம்ப்புக்கு வருவோம். டேப்ப கீறி எடுத்துட்டு கிளாம்ப மாட்டினேன். விரிசல் ரப்பரோட நடுவுல வரணும், ரெண்டு துண்டும் சேர்ற பொளவு விரிசல் மேல வரக் கூடாது. போல்ட்ட ஒரு பக்கமே முறுக்காம இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி முறுக்கணும், அப்பத்தான் ரப்பர் சமமா அமுங்கும். நான் வேணும்னே வால்வ லேசா தெறந்து வச்சுகிட்டு முறுக்கினேன், என்ன நடக்குதுனு பாக்கணும்ல. முதல்ல கிளாம்ப்போட ரெண்டு ஓரத்துலயும் விசிறி மாதிரி தெறிச்சுது, இன்னும் ரெண்டு சுத்துல அது வழிசலா மாறுச்சு, அப்புறம் அடியில சொட்டு, ரப்பரோட ஓரம் ஸ்டீலுக்கு வெளிய மெல்லிசா பிதுங்கி தெரிஞ்சப்ப அந்தச் சொட்டும் நின்னு போச்சு. அதோட நிறுத்திடணும். இன்னும் இறுக்கறேன்னு பிளாஸ்டிக் பைப்ப போட்டு நசுக்கினா பக்கத்துல புதுசா விரிசல் விடும், இரும்பு பைப்புன்னா இன்னும் கொஞ்சம் முறுக்கலாம். பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ரப்பர் கொஞ்சம் படிஞ்சிருக்கும், லேசா ஒரு தடவ பாத்து முறுக்கினா போதும். பம்ப முழுசா ஓட்டிப் பாத்தேன், காஞ்ச டிஷ்யூ பேப்பர ஓரத்துல சுத்தி வச்சுப் பாத்தேன், நனையல.

இதுலயும் கொறை இருக்கு, மறைக்க மாட்டேன். நேரா போற பைப்புக்கு மட்டுந்தான் ஆகும். எல்போ (வளைவுத் துண்டு) மேல, டீ (மூணு பக்கம் பிரியற துண்டு) மேல, ஜாயிண்ட் மேல உக்காராது. சுவத்த ஒட்டிப் போற பைப்புன்னா பின்பக்கத் துண்டு நொழையவே எடம் இருக்காது, பிடிப்பு கிளிப்ப கழட்டி பைப்ப கொஞ்சம் முன்னாடி இழுக்கணும். விரிசலோட நீளத்த விட கிளாம்ப் ரெண்டு பக்கமும் நீளமா இருக்கணும், பிளாஸ்டிக்ல விரிசல் ஓடற சுபாவம் உண்டு. கேஸ் லைனுக்கு தயவு செஞ்சு இதெல்லாம் யோசிக்கவே யோசிக்காதீங்க, இது தண்ணிக்கு மட்டும்.

ஆனா பெரிய கொறை சைஸ் விஷயம், இத கடைக்காரங்களே சரியா சொல்றதில்ல. கிளாம்ப் வாங்கறது பைப்போட வெளி விட்டத்துக்கு, நாம வாயில சொல்ற அரை இன்ச் முக்கால் இன்ச்சுக்கு இல்ல. அரை இன்ச் ஜிஐ பைப்போட வெளி விட்டம் 21.3 மில்லிமீட்டர், அதே அரை இன்ச்னு சொல்ற சிபிவிசி பைப்பு (சுடுதண்ணிக்கும் தாங்கற பிவிசி ரகம்) பெரும்பாலும் 15.9 தான் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே கிளாம்ப் எப்படி பொருந்தும். அளக்கறதுக்கு வெர்னியர் காலிப்பர் வேணும்னு இல்ல, ஒரு நூல பைப்ப சுத்தி ஒரு சுத்து சுத்தி அந்த நீளத்த ஸ்கேல்ல அளந்து 3.14ஆல வகுத்தா வெளி விட்டம் வந்துடும். எங்க பைப்புக்கு 84 மில்லி வந்துச்சு, வகுத்தா 26.7, கிளாம்ப் மேல போட்டிருந்த 26 முதல் 30ங்கற அளவுக்குள்ள சரியா உக்காந்துச்சு. இத தண்ணி கொட்டிகிட்டு இருக்கறப்போ அளக்க முடியாது, அதனாலதான் இப்பவே அளந்து வாங்கி வைங்கன்னு சொல்றேன். உடைஞ்ச பிறகு கடை தெறந்திருக்கான்னு பாத்து ஓடறது வேற, அப்படி ஓடி தப்பான சைஸ தூக்கிட்டு வர்றது வேற.

கிளாம்ப் போட்டுட்டு அப்படியே விட்டுடலாமான்னு கேப்பீங்க. ஜிஐ பைப்புல ஒரே ஒரு எடத்துல ஓட்டைன்னா ரொம்ப நாள் ஓட்டலாம், ஆனா வெயில்ல நொறுங்கின பிவிசி பைப்பு கிளாம்ப்புக்கு ரெண்டடி தள்ளி அடுத்து விடும், அந்தத் துண்ட முழுசா மாத்தித்தான் ஆகணும். நாங்க அப்புறம் பிளம்பர வச்சு வெட்டி எடுத்து புதுப் பைப்பும் அத இணைக்கற கப்ளரும் போட்டு மேல பெயிண்ட்டும் அடிச்சாச்சு. அவர் வேலை செஞ்ச விதம் எனக்கு ரொம்ப பிடிச்சிருந்தது. பைப்ப நேரா வெட்டி, உள்ளயும் வெளியயும் பிசிற சீவி, தண்ணி ஒரு சொட்டு கூட இல்லாம தொடச்சு, பைப்ப ஒட்டற பசையான சால்வெண்ட் சிமெண்ட்ட ரெண்டு பக்கமும் தடவி உள்ள தள்ளி கால் திருப்பு திருப்பி அர நிமிஷம் கையாலயே பிடிச்சுகிட்டு நின்னார். பிடிக்காம விட்டா ஜாயிண்ட் தானா வெளிய தள்ளிக்கும்னார். பிவிசி சிமெண்ட்டும் சிபிவிசி சிமெண்ட்டும் வேற வேற, டப்பாவ படிச்சுப் பாத்து வாங்குங்க.

ரிப்பேர் முடிஞ்சதும் எல்லாக் குழாயையும் மூடிட்டு வாட்டர் மீட்டர பாருங்க, முள்ளு நகர்ந்தா இன்னும் எங்கயோ கசியுது. நனைஞ்ச சுவர், பாய், அட்டைப் பெட்டி இதெல்லாம் 24ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வச்சிடணும், தாண்டினா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும், ஜன்னல தெறந்து ஃபேன அந்த சுவரப் பாத்து வச்சு ஓட்டுங்க.

வாங்கறவங்களுக்கு கடைசியா, ஒத்தை போல்ட்டு வச்ச குட்டி கிளாம்ப்ப விட ரெண்டு பக்கமும் போல்ட் இருக்கறத பாருங்க, நீளம் 10 சென்டிமீட்டராச்சும் இருக்கட்டும், ரப்பர் ஸ்டீலோட ஒட்டி வராம தனியா கழண்டு வந்தாலும் பரவாயில்ல, ஆனா மடிச்சா வெடிப்பு தெரியக் கூடாது. சுடுதண்ணி லைனுக்குன்னா சூடு தாங்கற இபிடிஎம் ரக ரப்பரான்னு கேட்டு வாங்குங்க. வீட்டுல எத்தன சைஸ் பைப் ஓடுதோ அத்தன கிளாம்ப், கூடவே அந்த போல்ட்டுக்கு பொருந்தற ஸ்பேனரும் ஒரே பையில கட்டி மெயின் வால்வு பக்கத்துலயே மாட்டி வைங்க.